நம் பணத்தைக் காப்பவருக்குக் கூலி யார் தருகிறார்?



தோட்டத்தில் முப்பது, நாற்பது ஆண்டுகள் பால் வெட்டியும் செம்பனைக் குலை தள்ளியும் உழைத்த ஒருவர், ஐம்பத்தைந்து வயதில் தம் சேமநிதிப் பணத்தை எடுக்கும் நாளை எண்ணிப் பாருங்கள். வாழ்நாளில் அவர் கையில் ஒரே சமயத்தில் சேரும் பெரிய தொகை அதுதான். அந்தச் செய்தி பரவிய சில நாட்களுக்குள், தெரிந்தவர் வீட்டுப் பிள்ளை ஒருவர் கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டு, கையில் காகிதக் கட்டோடு வாசலில் வந்து நிற்பார். "மாமா, இந்தப் பணத்தைச் சும்மா வைக்காதீங்க. நான் நல்ல இடத்தில் போட்டுத் தருகிறேன். எனக்கு நீங்க ஒரு காசுகூடத் தர வேண்டாம், கம்பெனி கொடுத்துவிடும்" என்பார்.

அந்தப் பிள்ளை பொய் சொல்கிறார் என்று நான் கூற வரவில்லை. அவர் நல்லவராகவே இருக்கலாம்; அவர் சொல்லும் திட்டமும் நல்லதாக இருக்கலாம். ஆனால் கம்பெனி அவருக்குக் கொடுக்கும் பணம் எங்கிருந்து வருகிறது? தேன் எடுத்தவன் புறங்கையை நக்காமல் விடுவானா என்று நம் முன்னோர் கேட்டார்கள். புறங்கையில் ஒட்டுவது எவ்வளவு, அது யாருடைய தேன் என்பதைத் தெரிந்துகொள்வது நம் பொறுப்பு. இந்தக் கேள்வி நமக்குப் புதியதன்று. இந்த நாட்டில் நம் மக்கள் கால் வைத்த நாளிலிருந்தே இது நம்மோடு வந்திருக்கிறது. அந்த வரலாற்றைத்தான் இன்றைய உரையில் பார்க்கப் போகிறோம்.

முதலில் கங்காணியிடமிருந்து தொடங்குவோம். கிள்ளான் வட்டாரத்துத் தோட்டங்களுக்கு நம் பாட்டன்மார் வந்தபோது, பலரை ஊரிலிருந்து அழைத்து வந்தவர் கங்காணிதான். அவர் அதே ஊர்க்காரர். பல வேளைகளில் உறவினர். 1907-ஆம் ஆண்டில் தமிழர் குடியேற்ற நிதி என்ற ஒன்று ஏற்படுத்தப்பட்டது. தோட்ட முதலாளிகள் கட்டிய வரிப்பணத்தில் தொழிலாளர்களின் பயணச் செலவு கொடுக்கப்பட்டது. 1938-இல் இந்திய அரசாங்கம் தடை விதிக்கும் வரையில் கங்காணி வழியாக ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள்.

தோட்டத்தில் சேர்ந்த பிறகும் கங்காணிக்கு வருமானம் நிற்கவில்லை. தம் கூட்டத்தைச் சேர்ந்த ஆட்களில் எத்தனை பேர் அன்று பெரட்டுக்கு வந்து வேலையில் இறங்கினார்களோ, அத்தனை தலைக்கும் நிர்வாகம் அவருக்குத் தலைக்காசு கொடுத்தது. இது தோட்டத்துக்குத் தோட்டம் மாறினாலும், ஒரு தலைக்கு நாளொன்றுக்கு இரண்டு காசு என்பது பெரும்பாலும் சொல்லப்படும் கணக்கு. 1920-களின் பிற்பகுதியில் இப்பகுதியில் ஆண் தொழிலாளிக்கு நாளொன்றுக்கு 50 காசும், பெண் தொழிலாளிக்கு 40 காசும் கூலி. ஐம்பது பேர் வேலைக்கு இறங்கினால் கங்காணிக்கு ஒரு வெள்ளி. அது இரண்டு ஆண்களின் ஒரு நாள் கூலி.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அந்த இரண்டு காசு தொழிலாளியின் கையிலிருந்து பிடிக்கப்படவில்லை, நிர்வாகம் கொடுத்தது. ஆகவே, "கங்காணி நம்மிடம் எதுவும் வாங்குவதில்லை" என்று தொழிலாளி நினைத்திருக்கலாம். ஆனால் அவர் நமக்கு யோசனை சொல்லும்போது யாருக்காகப் பேசினார்? காய்ச்சலோடு படுத்திருப்பவனை, "இன்று ஓய்வெடு" என்று சொன்னால் அவருக்கு இரண்டு காசு நட்டம். "எழுந்து பெரட்டுக்கு வா" என்று சொன்னால் இரண்டு காசு லாபம். பக்கத்துத் தோட்டத்தில் கூலி அதிகம் என்று தெரிந்தாலும், "அங்கே போ" என்று சொல்வதால் அவருக்கு ஒன்றும் கிடைக்காது. அவர் மனத்தில் அன்பு இருந்திருக்கலாம். ஆனால் அவர் பெற்ற கூலி அந்த அன்பை வேறு பக்கம் இழுத்தது. ஆலோசனை சொல்பவருக்கு மூன்றாம் ஆள் கூலி கொடுத்தால், ஆலோசனை அந்த மூன்றாம் ஆள் பக்கம் சாயும். இன்றைய உரையின் சாரம் இதுதான். இனி வரும் ஒவ்வொரு கட்டத்திலும் இதையே அளவுகோலாக வைத்துப் பாருங்கள்.

அடுத்து, நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள். கோலாலம்பூர் லெபோ அம்பாங் தெருவில் அவர்களுடைய கிட்டங்கிகள் இருந்ததைப் பெரியவர்கள் நினைவில் வைத்திருப்பார்கள். முதலாளி செட்டிநாட்டில் இருப்பார். ஏஜெண்டு மூன்றாண்டுக் காலத்துக்கு இங்கு வந்து கடையை நடத்துவார். அந்த ஏஜெண்டுக்குச் சம்பளம் உண்டு. கணக்கு முடிக்கும்போது லாபத்தில் ஒரு பங்கும் உண்டு. ஆகவே முதலாளியின் பணம் பெருகினால்தான் அவருக்கும் பெருகும். பிறர் பணத்தை நிர்வகிப்பவருக்கு லாபத்தில் பங்கு கொடுக்கும் முறையை இன்று பெரிய நிதி நிறுவனங்கள் ஆங்கிலப் பெயரிட்டு அழைக்கின்றன. நம்மவர்கள் அதை ஏட்டுக் கணக்கில் எப்போதோ நடத்திக் காட்டிவிட்டார்கள்.

செட்டியாரிடம் பணம் போட்டு வைத்தவர்களும் உண்டு. அதற்கு ஒரு வட்டி. அவர் வெளியே கடன் கொடுத்தால் அதைவிடக் கூடுதல் வட்டி. இரண்டுக்கும் இடையிலான வேறுபாடுதான் அவருடைய வருமானம். வட்டி அதிகம் என்று கடன்பட்டவர்கள் வருந்தியது உண்மை. அடகு வைத்த நிலத்தை இழந்தவர்களும் உண்டு. என்றாலும் வட்டி இவ்வளவு என்று முன்கூட்டியே சொல்லப்பட்டது, பத்திரத்திலும் எழுதப்பட்டது. விலை தெரிந்த பண்டத்தை வாங்குவதா வேண்டாமா என்று முடிவு செய்யலாம். விலை மறைந்திருக்கும் பண்டத்தில்தான் ஆபத்து அதிகம்.

மூன்றாவது, பெண்கள் நன்கறிந்த கூட்டுக் கட்டுதல். தமிழ்நாட்டில் இதைச் சீட்டு என்பார்கள். பத்துப் பேர் சேர்ந்து மாதம் ஐம்பது வெள்ளி போட்டால், மாதம் ஒருவருக்கு ஐந்நூறு வெள்ளி. கூட்டுப் பிடிக்கும் தலைவிக்கு என்ன கூலி? பெரும்பாலும் முதல் மாதத் தொகை அவருக்கு. அவரும் மற்ற மாதங்களில் பணம் போடுகிறார் என்றாலும், வட்டியில்லாமல் முன்கூட்டியே பெரிய தொகை கையில் கிடைப்பதுதான் அவருடைய கூலி. இந்தியாவில் 1982-ஆம் ஆண்டுச் சீட்டு நிதிச் சட்டம், சீட்டு நடத்துபவர் சீட்டுத் தொகையில் 5 விழுக்காட்டுக்கு மேல் தரகு எடுக்கக் கூடாது என்று வரம்பு கட்டியது. 2019-இல் அந்த வரம்பு 7 விழுக்காடாக உயர்த்தப்பட்டது. நம் நாட்டிலோ, கூட்டு நடத்துவதைத் தொழிலாகச் செய்வதை 1971-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்தது. தலைவி பணத்தோடு காணாமற்போனால், கட்டியவர்கள் எந்த அலுவலகத்தில் போய் நிற்பார்கள்? இந்தக் கேள்விக்கு விடை இல்லாத இடத்தில், கூலி குறைவு என்பதால் மட்டும் பணம் பாதுகாப்பாக இருக்காது.

இனி, சட்டத்தின் துணையோடு நடந்த முயற்சிகளுக்கு வருவோம். 1951-ஆம் ஆண்டு அக்டோபர் முதல் நாள் ஊழியர் சேமநிதி தொடங்கியது. அப்போது தொழிலாளி சம்பளத்தில் 5 விழுக்காடு, முதலாளி 5 விழுக்காடு. வீடு வீடாக வந்து ஆள் சேர்க்கும் முகவர் இதற்கில்லை, தரகும் இல்லை. நிதியை நடத்தும் செலவை, முதலீட்டில் வரும் வருமானத்திலிருந்து எடுத்துக்கொண்டு, மிச்சத்தை இலாப ஈவாக உறுப்பினர் கணக்கில் சேர்க்கிறார்கள். ஆகவே இங்கும் நிர்வாகத்துக்குச் செலவு உண்டு. ஆனால் இலட்சக்கணக்கானவர்கள் அதைப் பகிர்ந்துகொள்வதால் ஒருவர் தலையில் விழுவது சிறிது. ஆண்டறிக்கையில் அந்தக் கணக்கு வெளியாகிறது. வழக்கமான சேமிப்புக் கணக்குக்கு ஆண்டுக்கு 2.5 விழுக்காட்டுக்குக் குறையாத ஈவு தர வேண்டும் என்பதும் சட்டம். 1983 முதல் 1987 வரை ஈவு 8.5 விழுக்காடாக இருந்தது. பிற்காலத்தில் அது குறைந்தது. ஆண்டுக்கு ஆண்டு மாறியும் வந்திருக்கிறது.

அதற்கு ஒன்பது ஆண்டுகளுக்குப் பின், 1960-இல், துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். அந்நாளில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்றன. வாங்கியவர்கள் துண்டு போட்டு விற்றார்கள். வேலையும் வீடும் போய்த் தொழிலாளர்கள் தெருவில் நின்றார்கள். "தோட்டத்தை நாமே வாங்குவோம்" என்று அவர் தோட்டம் தோட்டமாகச் சென்று பேசினார். தொழிலாளர்கள் சிறு தவணைகளாகப் பங்குப் பணம் கட்டினார்கள். கெடா மாநிலத்தின் புக்கிட் சிடிம் தோட்டம் முதலில் வாங்கப்பட்டது. கூட்டுறவின் அடிப்படை என்னவென்றால், பணத்தை நிர்வகிப்பவருக்குச் சம்பளம் கொடுப்பவர்கள் பணம் போட்டவர்களே. ஆண்டுக் கூட்டத்தில் எழுந்து, "நிர்வாகச் செலவு ஏன் இவ்வளவு?" என்று கேட்கும் உரிமை பால் வெட்டும் தொழிலாளிக்கும் உண்டு. தலைக்காசு காலத்தில் நம் பாட்டனுக்கு அந்த உரிமை இல்லை.

உரிமை இருந்தால் போதாது, அதைப் பயன்படுத்தவும் வேண்டும் என்பதை 1986-ஆம் ஆண்டு காட்டியது. அவ்வாண்டு, பொதுமக்களிடம் வைப்புத்தொகை வாங்கிய 24 கூட்டுறவுச் சங்கங்களின் நடவடிக்கைகளைப் பேங்க் நெகாரா நிறுத்தி வைக்க வேண்டியதாயிற்று. ஐந்து இலட்சத்துக்கும் மேற்பட்டோரின் பணம் அங்கே முடங்கியது. பல இனத்தவரும் அதில் இருந்தார்கள். நல்ல வட்டி தருவதாகச் சொல்லி வாங்கிய பணம், நிலத்திலும் பங்குகளிலும் துணிகரமாகப் போடப்பட்டிருந்தது, முறைகேடுகளும் நடந்திருந்தன. வைப்புத்தொகை போட்டவர்களிடம் கட்டணம் என்று தனியாக யாரும் கேட்கவில்லை. ஆனால் கடைசியில் அவர்கள் கொடுத்த விலை, எந்தக் கட்டணத்தையும் விடப் பெரியதாக இருந்தது.

இப்போது நம் வாசலில் நிற்கும் பிள்ளையிடம் திரும்புவோம். அவர் விற்க வந்தது பெரும்பாலும் யூனிட் டிரஸ்ட். பலர் போடும் சிறு தொகைகளை ஒன்றாகச் சேர்த்து, தேர்ந்த நிர்வாகி ஒருவர் பங்குகளிலும் கடன் பத்திரங்களிலும் போடுவதுதான் அதன் முறை. 1868-இல் இலண்டனில் இதற்கு முன்னோடியான ஒரு முதலீட்டு நிதி தோன்றியது. நடுத்தர வருமானக்காரரும் பெரிய பணக்காரரைப் போலத் தம் பணத்தைப் பல இடங்களில் பிரித்துப் போட முடிய வேண்டும் என்பதே அதன் நோக்கம். 1924-இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் இன்றைய வடிவிலான நிதி பிறந்தது. நம் நாட்டுக்கு இது 1959-இல் வந்தது. நோக்கம் நல்லது. கட்டணம் எப்படி எடுக்கப்படுகிறது என்பதைத்தான் நாம் படித்துக்கொள்ள வேண்டும்.

பொதுவாக இரண்டு இடங்களில் பணம் கழிகிறது. ஒன்று, நுழையும்போது எடுக்கும் விற்பனைக் கட்டணம். முகவருக்குக் கம்பெனி கொடுக்கும் தரகு இதிலிருந்துதான் போகிறது. மற்றொன்று, ஆண்டுதோறும் நிதியிலிருந்து எடுக்கும் நிர்வாகக் கட்டணம். இதற்கு யாரும் பற்றுச்சீட்டு தருவதில்லை. நிதியின் மதிப்பிலிருந்து நாள்தோறும் சிறிது சிறிதாகக் கழித்துக்கொண்டுதான் விலையை அறிவிக்கிறார்கள். ஆகவே கண்ணுக்குத் தெரியாது. லாபம் வந்த ஆண்டிலும் கழியும். நட்டம் வந்த ஆண்டிலும் கழியும்.

ஓர் எடுத்துக்காட்டுக் கணக்குப் போடுவோம். பிள்ளைகள் தாளும் பென்சிலும் எடுத்துக்கொள்ளலாம். பத்தாயிரம் ரிங்கிட் இருக்கிறது. ஆண்டுக்கு 6 விழுக்காடு வளர்கிறது என்று வைத்துக்கொள்வோம். கட்டணம் எதுவும் இல்லையென்றால் இருபது ஆண்டில் அது ஏறத்தாழ 32,070 ரிங்கிட் ஆகும். இப்போது நுழையும்போது 5 விழுக்காடு எடுக்கிறார்கள். 9,500 ரிங்கிட்தான் முதலாகிறது. ஆண்டுதோறும் 1.5 விழுக்காடு நிர்வாகக் கட்டணம் போக, வளர்ச்சி 4.5 விழுக்காடு. இருபது ஆண்டு கழித்துக் கையில் இருப்பது ஏறத்தாழ 22,910 ரிங்கிட். வேறுபாடு 9,160 ரிங்கிட். நீங்கள் முதலில் போட்ட தொகைக்கு ஏறத்தாழ சமமானது அது! ஒன்றரை விழுக்காடு என்று கேட்கும்போது காது குத்திக்கொள்ளும் செலவு போலத் தோன்றுகிறது. ஆண்டு பல சென்ற பின் பார்த்தால் அது ஒரு கல்யாணச் செலவு.

இதனால் யூனிட் டிரஸ்டே கூடாது என்று நான் சொல்லவில்லை. திறமையான நிர்வாகத்துக்குக் கூலி கொடுப்பது நியாயம். பால் வெட்டுபவர் கூலி கேட்பது நியாயமென்றால், பணத்தைப் பேணுபவர் கேட்பதும் நியாயம்தான். எவ்வளவு, எதற்கு, யார் கொடுக்கிறார் என்பதுதான் பேச்சு.

உலகத்தில் பல நாடுகள் இந்தப் பேச்சை அண்மைக் காலத்தில் சட்டமாக்கின. இந்தியாவில் பரஸ்பர நிதிகளில் நுழையும்போது 2.25 விழுக்காடு வரை கழித்து வந்தார்கள். 2009 ஆகஸ்டு முதல் நாளிலிருந்து அதை அங்குள்ள பங்குச் சந்தை ஒழுங்குமுறை வாரியம் நிறுத்திவிட்டது. 2013 முதல், தரகர் இல்லாமல் நேரடியாக வாங்கினால் குறைந்த செலவு என்ற வழியும் அங்கே திறந்தது. பிரிட்டனில் 2012-ஆம் ஆண்டு இறுதியோடு, முதலீட்டு ஆலோசகர் விற்பனைக் கம்பெனியிடம் தரகு வாங்கும் முறை தடை செய்யப்பட்டது. ஆலோசகருக்கு வாடிக்கையாளரே வெளிப்படையாகக் கட்டணம் தர வேண்டும். தலைக்காசு கதையை நினைவில் வைத்திருப்பவர்களுக்கு இந்தச் சட்டத்தின் கருத்து உடனே விளங்கும்.

நம் நாட்டில் தரகு முறை தடை செய்யப்படவில்லை. ஆனால் வரம்புகள் வந்திருக்கின்றன. 1996 முதல், சேமநிதியில் அடிப்படைச் சேமிப்புக்கு மேல் இருப்பதில் ஒரு பகுதியை அனுமதி பெற்ற நிதிகளில் போட உறுப்பினர்களுக்கு வழி செய்யப்பட்டது. இவ்வழியில் முகவர் மூலம் வாங்கும்போது விற்பனைக் கட்டணம் 3 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்று வரம்பு கட்டினார்கள். 2019-இல், உறுப்பினரே கணினி வழி வாங்கும் முறை வந்தபோது உச்சவரம்பு அரை விழுக்காடு ஆனது. பத்தாயிரம் ரிங்கிட்டுக்கு முதல் முறையில் 300 வரை. இரண்டாம் முறையில் 50-க்கு மேல் இல்லை.

நிதித் திட்டமிடுவோர் என்றே உரிமம் பெற்றவர்களும் இங்கே இருக்கிறார்கள். 2007-ஆம் ஆண்டு மூலதனச் சந்தைச் சட்டத்தின்படி அவர்களுக்குப் பத்திர ஆணையம் உரிமம் தருகிறது. அவர்கள் கூலி வாங்கும் வழிகள் பலவாகும். திட்டம் எழுதித் தருவதற்கு ஒரே தொகையாக வாங்குவது ஒரு வழி. மணிக் கணக்கில் வாங்குவது இன்னொரு வழி. நீங்கள் ஒப்படைத்த பணத்தில் ஆண்டுக்கு இத்தனை விழுக்காடு என்று வாங்குவது மூன்றாவது. விற்ற பொருளுக்குக் கம்பெனியிடம் தரகு வாங்குவது நான்காவது. சிலர் இவற்றில் இரண்டைக் கலந்தும் வாங்குவார்கள். முதல் இரண்டிலும், நீங்கள் எதையும் வாங்காமல் வீடு திரும்பினாலும் அவருக்குக் கூலி கிடைத்துவிடும். ஆகவே "இது உங்களுக்கு வேண்டாம்" என்று சொல்ல அவருக்குத் தடையில்லை. மூன்றாவதில், உங்கள் பணம் பெருகுவது அவருக்கும் நல்லது. ஆனால் "கடனை முதலில் அடையுங்கள்" என்று சொன்னால் அவர் வருமானம் குறையும். நான்காவதில், நீங்கள் வாங்கினால்தான் அவருக்குச் சோறு.

நம் மக்களுக்கு இது ஏன் இவ்வளவு முக்கியம்? இன்று ஷா ஆலம் நகரம் நிற்கும் இடத்தில் முன்பு தோட்டங்கள் இருந்தன. 1978-இல் அது சிலாங்கூரின் தலைநகராயிற்று. அதைப்போலக் கிள்ளான் பள்ளத்தாக்கில் தோட்டங்கள் பல வீடமைப்புப் பகுதிகளாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறின. தோட்டம் போனபோது லயத்து வீடும் போயிற்று. இழப்பீடும் சேமநிதியும்தான் பல குடும்பங்களுக்கு மிச்சம். அது ஒரு முறை வரும் பணம். இரண்டாம் முறை சம்பாதிக்க உடம்பில் வலு இருக்காது.

ஆகவே வாசலில் வந்து நிற்கும் பிள்ளையை விரட்ட வேண்டாம். உட்காரச் சொல்லி, தேநீர் கொடுத்து, ஐந்து கேள்விகள் கேளுங்கள். "தம்பி, உன் உரிமத்தைக் காட்டு." "நான் இன்று பத்தாயிரம் போட்டால், நாளைக் காலையில் அதில் எவ்வளவு இருக்கும்?" "ஆண்டுதோறும் எவ்வளவு கழியும்?" "நான் இதை வாங்கினால் உனக்கு எவ்வளவு கிடைக்கும்?" "வாங்காமல் சேமநிதியிலேயே விட்டு வைத்தால் எனக்கு என்ன நட்டம்?" கடைசிக் கேள்வியை மறக்க வேண்டாம். ஐம்பத்தைந்து வயதானதும் பணம் முழுவதையும் எடுத்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. அங்கேயே விட்டு வைத்தாலும் ஈவு தொடரும். பதில்களை எழுதித் தரச் சொல்லுங்கள். படித்த பிள்ளை வீட்டில் இருந்தால் அவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அன்றே கையெழுத்துப் போட வேண்டாம்.

நேர்மையான ஆலோசகர் இந்தக் கேள்விகளுக்குக் கோபப்பட மாட்டார். நம் பாட்டன் பெரட்டுக் களத்தில் நின்றபோது, தன் தலைக்கு யார் எவ்வளவு வாங்குகிறார் என்று கேட்க அவருக்கு வாய்ப்பிருந்ததில்லை. அவர் பேரப்பிள்ளைகளுக்கு அந்த வாய்ப்பு இருக்கிறது. ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள். அளப்பதற்கான படி இப்போது நம் கையில்தான் இருக்கிறது.